ஃபைபர் பேனலுக்கு எந்தப் பசை? கடலோரப் பட்டறைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஃபைபர் வேலை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். மர வள்ளங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகியதிலிருந்து, இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசினும் கண்ணாடி இழை விரிப்பான மேட்டும் இந்தக் கரையில் எளிதில் கிடைக்கும் சரக்காகிவிட்டன. அதனால் வேனின் முன்முகம் விரிசல் விட்டாலும், பேருந்தின் பின்பக்க ஃபைபர் சட்டத்தை விட்டுக் கழன்றாலும், ஜீப்பின் ஃபைபர் கூரை பிளந்தாலும், படகுக்கு வாங்கிவைத்த ரெசினைக் கொண்டே ஒட்டிவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. சில இடங்களில் அது மிகச் சரியான வேலை. வேறு சில இடங்களில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாத வேலை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால், பசை தேர்ந்தெடுப்பதில் பாதிக்குமேல் தெரிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

படகு ரெசின் என்று நாம் சொல்லும் பாலியெஸ்டர் ரெசின் ஃபைபரை உருவாக்கும் பொருளே தவிர, ஃபைபரை வேறொன்றோடு ஒட்டுவதற்கென்று செய்யப்பட்ட பசை அன்று. படகில் இரண்டு பாகங்களைச் சேர்க்கும்போது இணைப்பின்மேல் மேட்டை அடுக்கடுக்காகப் போட்டு ரெசின் ஊற்றுகிறோம். அங்கே சுமையைத் தாங்குவது மேட்டிலுள்ள கண்ணாடி இழை. ரெசின் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வாகனத்தில் நிலைமை வேறு. பேனலுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே இழை எதுவும் இல்லாமல் பசை மட்டுமே நிற்கிறது; சாலையின் அதிர்ச்சி நாள் முழுவதும் அந்தப் பசையை உலுக்குகிறது. வெறும் பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். இறுகிய பின் நொறுங்கும் தன்மையும் கொண்டது. இரும்பின்மேல் அது ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் நாள்களில்கூட உள்ளே இழுவிசையோடுதான் இருக்கிறது.

முதலில், கையிலிருப்பது ஃபைபர்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் பசையைத் திறப்பவர்கள் பலர். இன்றைய கார்களின் பம்பர்களில் பெரும்பாலானவை ஃபைபரே அல்ல. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கும் அதன் கலவைகளும்தான். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ஃபைபர் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. பாலிபுரோப்பிலீன்மேல் எப்பாக்சியும் ஒட்டாது, படகு ரெசினும் ஒட்டாது. நகத்தால் நெம்பினால் சிப்ஸ் போலக் கழன்று வரும்.

பேனலின் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் போட்ட ஃபைபராக இருந்தால் ஒரு பக்கம் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சும், மறுபக்கம் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் கரடுமுரடான பரப்பும் இருக்கும். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, அச்சில் அழுத்திச் செய்த எஸ்எம்சி வகை ஃபைபர். மற்றொன்று, பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பாகங்களின் பின்புறத்தில் பொருளின் பெயரைச் சுருக்கெழுத்தாக அச்சிலேயே பொறித்திருப்பார்கள். பொறிப்பு இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பிளேடால் சிறு துண்டு சீவி, ஒரு குவளை நல்ல தண்ணீரில் போட்டு, விரலால் ஒருமுறை முக்கிவிடுங்கள். பாலிபுரோப்பிலீன் நீரைவிட இலேசானது. மேலே வந்து மிதக்கும். கண்ணாடி இழை கலந்தது அடியில் போய் உட்காரும். கனிமத் தூள் அதிகம் கலந்த சில பிளாஸ்டிக்குகளும் மூழ்கலாம் என்பதால், சீவிய இடத்தில் வெள்ளை இழைநுனிகள் தெரிகின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எரித்துப் பார்ப்பது பழைய பழக்கம். புகை நல்லதல்ல, தேவையும் இல்லை.

எஸ்எம்சி என்று தெரிந்தால் அங்கேயே படகு ரெசினை ஒதுக்கிவிடலாம். அச்சிலிருந்து எளிதாக வருவதற்கான வழுக்குப்பொருள் அந்த ஃபைபருக்குள்ளேயே கலந்திருக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் அதன்மேல் நம்பத்தக்க பிடிப்பைத் தராது. எப்பாக்சி அல்லது எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) பசைதான் வழி.

இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஃபைபரோடு ஃபைபர் சேர்வதும், ஃபைபரோடு இரும்பு சேர்வதும் ஒரே வேலை அல்ல. வெயிலில் எல்லாமே நீளும். ஆனால் ஒரே அளவில் நீளாது. கையால் போட்ட ஃபைபர் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்கு, ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர்தான் நீளும். விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்த அடர்நிறப் பேனல் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தொடும்போது, ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேறுபாடு விழுகிறது. பேருந்தின் பின்முகம் போல இரண்டு மீட்டர் அகலமுள்ள பாகத்தில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த இழுபறி ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் நடக்கிறது. இறுகிக் கல்லாகும் பசையை மெல்லிய படலமாகப் பூசியிருந்தால் அது எங்காவது விட்டுத்தான் தீரும். நீளமான ஃபைபரை இரும்புச் சட்டத்தில் ஒட்ட, வளைந்து கொடுக்கும் பசை தடிப்பாக நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அலுமினியம் நீளும் அளவு ஃபைபருக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அதோடு இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். பேனலைச் சட்டத்தில் வெறுமனே பொருத்திப் பார்த்து, எங்கே ஒட்டி நிற்கிறது, எங்கே விரல் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். இறுக்கமான எப்பாக்சிக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி போதும். எம்எம்ஏ பசை சில மில்லிமீட்டர்வரை நிரப்பும். பியு (பாலியூரித்தேன்) பசைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால்தான் அதன் நெகிழ்ச்சி பயன்படும். கையால் போட்ட பேனல் எதுவும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. ஆகவே இடைவெளியைப் பார்க்காமல் பசையின் பெயரை முடிவுசெய்வது வீண்.

பசைகள்

பாலியெஸ்டர் ரெசினுக்கும் மேட்டுக்கும் உரிய இடம், கையால் போட்ட பாலியெஸ்டர் ஃபைபரிலேயே ஏற்படும் விரிசலும் உடைசலும்தான். பின்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்து, மேட்டை அடுக்கிப் போட்டால் அது பேனலோடு பேனலாகிவிடும். சரிவு பேனலின் தடிப்பைப்போல் 12 மடங்காவது இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் பேனலுக்கு விரிசலின் இருபுறமும் 36 மில்லிமீட்டர் என்று கணக்கு. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு நுனியிலும் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பைத் தரும். ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட், ரெசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் அந்த எல்லைக்குள் குறைக்கலாம், 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரெசின் முழுமையாக இறுகாமலே நின்றுவிடும். இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீயோடு வெடிக்கக்கூடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதையே விட்டுவிடுங்கள்.

எப்பாக்சி எல்லாரும் அறிந்தது. அரால்டைட் என்ற பெயரிலேயே பலர் கேட்டு வாங்குகிறார்கள். இரும்பு, அலுமினியம், ஃபைபர் மூன்றிலும் நன்றாகப் பிடிக்கும், சுருக்கம் மிகக் குறைவு. படகு வேலையிலிருந்து வருவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டரில் வெயிலுக்கேற்பக் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கை, எப்பாக்சியிலும் அதையே செய்யப் பார்க்கும். எப்பாக்சியின் ஹார்டனர் வேகத்தைத் தூண்டிவிடும் பொருள் அன்று. ரெசினோடு சேர்ந்து பசையாகவே மாறும் பங்காளி. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் மீதிப்பட்டது உள்ளேயே பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். அளவு எடையிலா, கன அளவிலா என்பதையும் உறையில் படித்துக்கொள்ளுங்கள். கன அளவில் ஒன்றுக்கொன்று என்றிருக்கும் பசையே எடையில் 100-க்கு 80 என்று இருப்பதுண்டு. ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சியை வாகனத்தின் வெளிப்பேனலுக்குப் பயன்படுத்தாதீர்கள். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது மெதுவாக இறுகும் வகையைப்போல் ஈடுகொடுக்காது. மெதுவாக இறுகும் வகையிலும், சாதாரண அறை வெப்பத்தில் இறுகியது பல நேரங்களில் 50, 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்குகிறது. பேனட், கூரை போன்ற இடங்களுக்கு வாங்கும்போது வெப்பத் தாங்குதிறனைக் கேட்டு வாங்குவது அவசியம்.

எம்எம்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெத்தில் மெத்தாக்ரிலேட் பசையே ஃபைபர் பேனல் வேலைக்கு முதல் தேர்வு என்பது என் கருத்து. இரட்டைக் குழலில் வரும். பசை பிதுக்கும் கன்னில் மாட்டி அழுத்தினால் நுனியிலேயே கலந்து வெளிவரும். வலுவும் உண்டு, ஓரளவு வளைந்து கொடுக்கும் தன்மையும் உண்டு, ஃபைபரில் பல வகைகளுக்குப் பிரைமரே (அடிப்பூச்சு) தேவைப்படாது. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாற்றம் மிகக் கடுமையானது; எளிதில் தீப்பற்றும்; இறுகும்போது நன்றாகச் சூடேறும். மெல்லிய பேனலின் பின்னால் தடிப்பாகப் போட்டால் அந்தச் சூடும் சுருக்கமும் வெளிப்பக்கத்தில் கோடாகத் தெரியும். பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கோடு இன்னும் எடுப்பாகிவிடும். வேலை செய்யக் கிடைக்கும் நேரம் உறையில் 15 நிமிடம் என்றிருந்தால் அது பெரும்பாலும் 23 டிகிரி அறைக்கான கணக்கு. நம் பட்டறைத் தகரக்கூரையின் கீழே 35 டிகிரியில் ஏறத்தாழ அதில் பாதிதான் கிடைக்கும்.

பியு, அதாவது பாலியூரித்தேன் பசை, கார்களின் முன்கண்ணாடியை ஒட்டுவது. இறுகிய பிறகும் ரப்பர்போல இருப்பதால் நீண்ட ஃபைபரை இரும்புச் சட்டத்தில் பொருத்த இதைவிட ஏற்றது குறைவு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகுவதால் நம் கடலோரக் காற்று இதற்குச் சாதகம். ஒரு நாளைக்குப் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம்வரை இறுகும். இதே காரணத்தால் இதை அகலமாகப் பரப்பி இரண்டு பேனலுக்கு நடுவே அடைத்துவிட்டால் நடுவில் ஈரம் போகாமல் வாரக்கணக்கில் மாவாகவே கிடக்கும். கோடுகோடாகத்தான் போட வேண்டும், கோடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் இருக்க வேண்டும். இரும்பிலும் ஃபைபரிலும் அதே நிறுவனத்தின் பிரைமரைக் கேட்கும் வகைகள் பல. வெயிலின் புறஊதாக் கதிர் நேராகப் படும் ஓரங்களில் பசை காலப்போக்கில் வெடித்துப் பொடியும்; அங்கே பெயின்ட்டாலோ பீடிங்காலோ மறைப்பு வேண்டும். இறுகாத பியு பசையின்மேல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். ஸ்பிரிட்டிலுள்ள ஆல்கஹால் பசை இறுகுவதைக் கெடுத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபெவிக்விக் போன்ற நொடிப் பசைகள், வேறு பசை இறுகும்வரை ஒன்றைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும். எம்சீல் குழி அடைக்க. சோபா தைப்பவர் பயன்படுத்தும் ரப்பர் பசை வெயிலில் இளகும்; உள்ளே ரெக்சின் ஒட்டலாம், வெளியே வேண்டாம். சிலிக்கானைப் பேனல் வேலை நடக்கும் இடத்துக்குள் கொண்டுவராமலிருப்பதே நல்லது. வினிகர் நாற்றமுள்ள வகை இரும்பை அரிக்கும். அதன் எண்ணெய்ப்படலம் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்ட் நிற்காமல் புள்ளிபுள்ளியாக விலகும். பள்ளம் நிரப்பி மட்டம் பார்க்கும் டிங்கர் பட்டி பசையே அல்ல.

எந்த வேலைக்கு எது

வேனின் முன்முகத்தில் ஹெட்லைட் அருகே விரிசல், பேனல் கையால் போட்டது என்றால், பின்பக்கம் பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும். அரிச்சல்முனை வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் வேனின் கூரை ஓரம் இரும்புச் சட்டத்திலிருந்து விட்டிருந்தால் பியு, பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகு. பழையதும் பியு பசையாக இருந்து, இரும்போடு உறுதியாகப் பிடித்திருந்தால், அதை அடியோடு எடுக்காமல் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டுக் கத்தியால் சமமாகச் சீவி, அன்றே புதிய பியு போடலாம். புதிதாகச் சீவிய பியுவின்மேல் பியு மிக நன்றாகப் பிடிக்கும். ஜீப் கூரையின் இரண்டு ஃபைபர் பாதிகளைச் சேர்க்க எம்எம்ஏ. பேனலின் பின்னால் போல்ட் பிடிக்கச் சிறு இரும்புத் தகடு ஒட்டவேண்டுமென்றால் எம்எம்ஏ அல்லது மெதுவாக இறுகும் எப்பாக்சி. தகடு சிறியது, ஆகவே மேலே சொன்ன நீட்சிக் கணக்கு அங்கே பெரிதாக வேலைசெய்யாது. மீன் ஏற்றும் வண்டியின் உட்பெட்டியில் ஃபைபர் தகடு விட்டிருந்தால் பியு. பனிக்கட்டியின் குளிர்ச்சியிலும் அது நொறுங்கும் தன்மை அடைவதில்லை. ஆனால் அங்கே உப்புநீரில் ஊறிய தகட்டை ஒட்டும்முன் நாள்கணக்கில் உலரவிட வேண்டியிருக்கும். வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், விடக்கூடாது.

பழுது பார்த்த இடத்தின்மேல் பின்னொரு நாள் வேறு ரெசின் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இறுகிய பாலியெஸ்டரின்மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எப்பாக்சியின்மேல் பாலியெஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது. எப்பாக்சி போட்ட இடத்தைப் பெயின்ட் பென்சிலால் பின்பக்கத்தில் குறித்துவைத்தால் அடுத்துத் தொடுபவர் வாழ்த்துவார்.

கடையில் தேதியைப் பார்த்து வாங்குங்கள். எம்எம்ஏ, பியு இரண்டுமே வெப்பத்தில் கெடுபவை. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் இருந்த குழல் தேதிக்குள் இருந்தாலும் நம்பிக்கைக்குரியதல்ல. குழலை அழுத்திப் பார்க்கும்போது பியு கட்டியாகத் தென்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பரப்பைத் தயார்செய்தல்

பசை விட்டுப்போன பேனல்களைக் கழற்றிப் பார்த்தால், பசை தவறானதால் விட்டவற்றைவிட, சரியான பசையை அழுக்கின்மேல் போட்டதால் விட்டவையே மிகுதி என்பது தெரியும். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

முதல் வேலை கழுவுவது, தேய்ப்பது அன்று. ஃபைபரின் முன்பக்கத்தில் அச்சு மெழுகும், பின்பக்கத்தில் ரெசின் இறுகும்போது மேலே வந்து படியும் மெழுகும் இருக்கும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். கடற்காற்று படிய வைத்த உப்பும் அப்படியே. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீர் உறிஞ்சிக் கரையும். நம் கடலோர இரவுகளில் அது அடிக்கடி நடப்பதுதான். மழையே பெய்யாத நாளிலும் காலையில் பேனல் பிசுபிசுப்பதற்கு இதுவும் காரணம். சோப்புத் தூளும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, மறுபடியும் நல்ல தண்ணீரிலேயே அலசுங்கள். இந்த மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் எடுத்த உப்பைத் திரும்பப் பூசுவதாகிவிடும். ஒரு குடம் குடிநீரை வண்டிக்குச் செலவழிப்பது உறுத்தலாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை.

பிறகு உலர்த்தல். உடைந்த விளிம்பில் வெளியே தெரியும் இழைகள் திரிபோல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் விளிம்பின் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு முழு நாள் வெயிலில் சாய்த்து வைத்தல் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஹீட் கன் அல்லது மஞ்சள் பல்பின் சூட்டில் நிதானமாக உலர்த்த வேண்டும்.

உலர்ந்த பின் அசிட்டோன். இரண்டு பனியன் துணி வேண்டும். ஒன்றால் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்னரே மற்றொன்றால் ஒரே திசையில் துடைத்தெடுங்கள். ஆவியாக விட்டுவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும். மண்ணெண்ணெய், டீசல், மலிவான தின்னர் ஆகியவை எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்லும். பீடி, வெல்டிங் பொறி, அசிட்டோன் மூன்றும் ஓரிடத்தில் இருக்கலாகாது.

இப்போதுதான் உப்புத்தாள். 60 அல்லது 80 நம்பர் தாளால், ஜெல்கோட்டின் பளபளப்பு முற்றிலும் போகும்வரையும், பின்பக்கமாக இருந்தால் புதிய இழை தெரியத் தொடங்கும்வரையும் தேய்க்க வேண்டும். இழையை அறுக்கும் அளவுக்குப் போகக்கூடாது. முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். கைலியைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கிரைண்டர் ஓட்டியவர்கள் அன்றிரவு தூங்கியதாகக் கேள்வியில்லை; இழைத்தூள் அப்படி அரிக்கும். தூளைத் தட்டி, மறுபடி அசிட்டோன் துணியால் துடைத்து முடியுங்கள்.

சோதனை எளிது. தேய்த்து முடித்த இடத்தில் சில துளி நல்ல தண்ணீர் விட்டுப் பேனலைச் சாய்த்துப் பாருங்கள். நீர் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் ஒரே படலமாக நின்றால் பரப்பு சுத்தம். முத்துமுத்தாகத் திரண்டு உருண்டால் மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது. கழுவுவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். சோதித்த நீரை உலரவிட்ட பிறகே அடுத்த வேலை.

இரும்புப் பக்கத்தில் துருவும் பழைய பெயின்ட்டும் இருக்கக்கூடாது. பெயின்ட்டின்மேல் ஒட்டினால், எவ்வளவு விலையுயர்ந்த பசையானாலும், அந்தப் பெயின்ட் இரும்பைப் பிடித்திருக்கும் வலுதான் இணைப்பின் வலு. வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்த பின் இங்கே ஒரு மணிநேரம் விட்டாலும் செம்பழுப்பு ஏறத் தொடங்கிவிடும். எனவே தேய்த்த கையோடு எப்பாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். வாங்கிய பசை பிரைமர்மேல் ஒட்ட உகந்ததா என்பதை அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பசைக்கோட்டுக்கு வெளியே தெரியும் இரும்பு விளிம்புக்கும் பிரைமர் அவசியம். துரு விளிம்பில்தான் தொடங்கும்; பிறகு பசையின் அடியில் தவழ்ந்து அதைத் தூக்கிவிடும்.

ஒட்டும் முன் ஒரு பரிசோதனை

அதே ஃபைபரிலும் அதே இரும்பிலும் 25 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டைகள் வெட்டி, நுனியோடு நுனி 12 மில்லிமீட்டர் மேற்பொருந்துமாறு ஒட்டிக்கொள்ளுங்கள். முழுவதும் இறுகிய பின் ஒரு சோடியை அப்படியே வைத்துவிட்டு, ஒன்றைக் கடல்நீர் வாளியில் ஒரு வாரம் போடுங்கள், இன்னொன்றைத் தகரக்கூரையின்மேல் வெயிலில் விடுங்கள். பிறகு வைஸில் பிடித்து உடைத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். எவ்வளவு பலமாக இழுத்தீர்கள் என்பதைவிட அந்த முகம் அதிகம் சொல்லும். ஒருபக்கம் பசை முழுவதும் தங்கி, மறுபக்கம் துடைத்ததுபோல் இருந்தால் அந்த மறுபக்கத்தின் தயாரிப்பில் குறை. இருபக்கமும் பசை படிந்து நடுவில் பிளந்திருந்தால் ஒட்டுதல் சரி. ஃபைபரே உரிந்து, வெள்ளை இழைகள் பசையோடு கிழிந்து வந்திருந்தால் இதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. உலர்ந்த சோடி இழையோடு கிழிந்து, கடல்நீர்ச் சோடி மட்டும் துடைத்ததுபோல் விட்டால், அந்தப் பசையை அல்லது அந்தத் தயாரிப்பை இந்தக் கரையில் நம்ப வேண்டாம்.

ஒட்டுதல்

காலைப் பனியீரம் நீங்கிய பிறகு, நிழலில் செய்யுங்கள். வெயிலில் கிடந்த பேனலில் பசை பரப்பி முடிக்கும்முன்பே இறுகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் தூசும் பறந்து வந்து ஈரப் பசையில் ஒட்டும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நாலாபுறமும் அடைத்துவிடாதீர்கள், பசையின் ஆவி வெளியேற வேண்டும்.

பசையில்லாமல் பேனலை ஒருமுறை பொருத்தி, கிளாம்ப், டேப், மணல் மூட்டை எல்லாம் எங்கே வரும் என்று வைத்துப் பார்த்து, அடையாளக் கோடு போட்டுவிடுங்கள். பழுப்பு நிற பேக்கிங் டேப்பில் எப்பாக்சியும் பாலியெஸ்டரும் ஒட்டாது. கிளாம்பின் முகத்தில் அதை ஒட்டிவைத்தால் கிளாம்பும் பேனலோடு சேர்ந்துபோகாது. கையால் கலக்கும் எப்பாக்சியைக் குவளையில் குவித்து வைத்தால் அதன் சூடே அதை இறுக்கிவிடும். பழைய டைல்ஸ் துண்டில் மெல்லியதாகப் பரப்பிப் பயன்படுத்துங்கள். இரட்டைக் குழலில் முதலில் வரும் சில சென்டிமீட்டர் பசையைத் தள்ளிவிட வேண்டும்; அது சரியாகக் கலந்திருக்காது.

பசையின் தடிப்பை நிலையாக வைக்க இடையிடையே சிறு தடைகள் வையுங்கள். எம்எம்ஏவுக்கு ஒரு மில்லிமீட்டர் கம்பித் துண்டுகள், பியுவுக்கு 3 மில்லிமீட்டர் ரப்பர் துண்டுகள் போதும். இல்லாவிட்டால் கிளாம்ப் இறுக்கத்தில் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே வெறுமையே எஞ்சும். ஓரமெங்கும் சிறு கோடாகப் பசை பிதுங்கும் அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். மேற்பொருந்தும் அகலம் 25 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கட்டும். பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கும் விசையைத் தாங்காது. ஆகவே காற்று தூக்கக்கூடிய முனைகளிலும் மூலைகளிலும் மட்டும் வாஷரோடு ஒரு ரிவெட் வைப்பது வீம்புக்காரர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் நல்ல வேலை.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தொடர்ந்து 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

ஒட்டிய பிறகு

எம்எம்ஏ ஒரு மணிநேரத்தில் கிளாம்பைக் கழற்றும் நிலைக்கு வந்தாலும் மறுநாள்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். மெதுவாக இறுகும் எப்பாக்சி ஒரு நாளில் கெட்டிப்பட்டாலும் முழு வலுவை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஈரக்காற்றில் இறுகிய எப்பாக்சியின் மேல் மெழுகுபோன்ற வழுவழுப்பு படிந்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரும் ஸ்பான்ஜும் கொண்டு கழுவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் அங்கே உரியும். பட்டியும் பெயின்ட்டும் பசை முழுதும் இறுகிச் சுருங்கி முடித்த பிறகுதான். முதல் நாளே பட்டி போட்டு மட்டம் பார்த்த இணைப்பில், பசை சுருங்கச் சுருங்க, பிறகு கோடு விழும். வாடிக்கையாளர் அடர்நிறம் கேட்டால், பேனல் வெயிலில் எவ்வளவு சூடேறும் என்பதைச் சொல்லி வெளிர் நிறத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த வெப்பத்தைத் தாங்கும் பசையின் விலையைப் பில்லில் சேர்த்துவிடுங்கள்.